அட்டையில் அம்மணியைப் போடலாமா?

வணக்கம் ஐயா.

கடலூரில் என் மகள் படிக்கும் நடனப் பள்ளியின் ஆண்டு விழா மலர் அட்டையில், 1838-இல் பாரிஸில் செய்த அம்மணி சிலையின் படத்தைப் போடலாம் என்றார்கள். தேவதாசிக் குழுவோடு அந்த வருஷம் பாரிஸ் வரை போய் ஆடிய நம்ம திருவந்திபுரத்துப் பெண்ணாச்சே என்று எனக்கும் பெருமைதான். என் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "வெள்ளைக்காரன் வேடிக்கை பார்த்துச் செய்த பொம்மை, அதைப் போய் அட்டையில் போடுவதா?" என்கிறான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

செ., திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள செ.,

தாராளமாகப் போடுங்கள். அதற்காகத் தம்பி சொல்வதைத் தள்ளிவிடவும் வேண்டாம். அவர் இன்னும் இரண்டு சிலைகளைப் பார்த்துவிட்டுப் பேசினால் நன்றாக இருக்கும்.

அம்மணியை வடித்த ழான் ஒகுஸ்த் பார், அதற்கு முந்தைய ஆண்டுதான் மரி தாக்லியோனி, ஃபானி எல்ஸ்லர் என்ற இரண்டு பாலே நட்சத்திரங்களைச் சிறு சிலைகளாகச் செய்திருந்தார். அந்த வரிசையில் நம் ஊர்க்காரருக்கும் இடம் கொடுத்தார் என்றால் அதை வெறும் வேடிக்கை என்று எப்படிச் சொல்வது? கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. தாக்லியோனி 'லா சில்ஃபீட்' பாலேயின் வனதேவதை வேடத்தில் நிற்கிறார். அவரை நிஜமாகவே வனதேவதை என்று எந்தப் பாரிஸ்காரனும் நினைக்கவில்லை. அம்மணி மேடைக்கென்று உடுத்தியதையும் பூட்டியதையும் மட்டும் அவருடைய சுபாவமாகவே எடுத்துக்கொண்டார்கள். இதில் ஒரு வேடிக்கை: 1830-லேயே பாரிஸ் ஓப்பராவில் தாக்லியோனி தேவதாசியாக ஆடியாயிற்று. அசல் தேவதாசிகளான அம்மணி குழுவினர் பாரிஸின் வாரியத்தே அரங்கில் ஏறியபோது, ரசிகர் கண்ணில் ஏற்கெனவே ஒரு தேவதாசி இருந்தாள்.

கவிஞர் தியோஃபில் கோத்தியே அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு எழுதினார். அவர்கள் தோலின் நிறம் ஃபிளாரன்ஸ் வெண்கலம் போல என்றார். சிற்பி வார்த்தது இருக்கட்டும், இவர் எழுத்திலேயே வார்த்துவிட்டார்! இளக்காரமாக எழுதவில்லை, சொக்கிப்போய்த்தான் எழுதினார். தம்பி கோபப்பட வேண்டிய இடம் இது என்பேன்.

லண்டன் அடெல்ஃபி அரங்க விளம்பரமோ அவர்களைக் கோயில் பூசாரிணிகளாக்கியது. பூசாரிணி எங்கே ஒப்பந்தம் போட்டுக் கப்பலேறுவார்? தார்திவேல் என்ற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் கெடுவும் கூலியும் பேசித்தான் இவர்களை அழைத்துப் போனார். அந்த ஒப்பந்தத்தில் தெரிகிற அம்மணி, தொழில் தெரிந்து அதற்குக் காசு வாங்குகிற கலைஞர். வெண்கல அம்மணியைவிட இவரைத்தான் எனக்குப் பிடிக்கிறது.

இன்னொன்று. தில்லம்மாள் தலைமையில் போன ஐந்து பெண்களில் கடைசிச் சிறுமிக்கு வயது ஆறு என்று அன்றைக்கே எழுதியிருக்கிறார்கள். அவளைப் பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கத்துக்குள் கொண்டுவந்தது பாரிஸ் இல்லை, நாம்தான். சென்னை மாகாணத்தில் அதைச் சட்டம் போட்டுத் தடுக்க 1947 ஆயிற்று. தம்பியின் விமர்சனம் அந்தப் பக்கமும் திரும்பட்டும்.

படத்துக்குக் கீழே 'தேவதாசி சிலை' என்று மொட்டையாகப் போடாதீர்கள். 'அம்மணி, நடனக் கலைஞர், திருவந்திபுரம். சிற்பி: பார், பாரிஸ், 1838' என்று போடுங்கள். உள்ளட்டையில் இடமிருந்தால் கூடப் போன வாத்தியக்காரர்கள் ராமலிங்கம், சரவணம், தேவநாயகம் பெயர்களையும் சேருங்கள். (கடைசிப் பெயரில் ஊர்ப் பெருமாளே இருக்கிறார்!) இவர்களுக்குச் சிலையில் இடம் கிடைக்கவில்லை. நடன விழா மலரிலாவது கிடைக்கட்டும்.

மலர் வந்ததும் எனக்கொரு பிரதி அனுப்புங்கள்.