கைக்காசு போட்டுத் தவணை கட்டாதீர்கள்: நிதி நிறுவன ஊழியர் கேள்வி-பதில்

மதுரை தெற்காவணி மூல வீதியில் ஒரு நகைக்கடன் கிளையில் பதினோரு வருஷம் காசாளராக இருந்துவிட்டு, அதற்கப்புறம் சட்டம் படித்து வக்கீலானவன் நான். இன்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் நிதி நிறுவன ஊழியர்கள். இந்த முறை வந்த கேள்விகளில், ஊர் பெயர் தவிர அடையாளம் தரும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

உசிலம்பட்டி பக்கம் குழுக்கடன் கொடுக்கும் கம்பெனியில் களப்பணி பார்க்கிறேன். வயது 24. விடியற்காலை கிளம்பினால் ராத்திரி ஒன்பதரைக்கு வீடியோ காலில் ரிவியூ முடித்துத்தான் சாப்பாடு. தவணை வராத நாளில், "நீ போட்டுக் கட்டிரு, நாளைக்கு வாங்கிக்க" என்கிறார் மேனேஜர். இதுவரை 38,000 ரூபாய் போட்டுவிட்டேன். அக்கா வளையலை அடகு வைத்திருக்கிறேன். என்ன செய்வது அண்ணே?

தம்பி, நாளையிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

மேனேஜர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். ஒரு தவணை ஒரு நாள் தள்ளிப் போனாலே சாயங்காலக் கணக்கில் அந்தக் கிளை சிவப்பாகத் தெரியும். அவருடைய ஊக்கத்தொகை அதில்தான் இருக்கிறது. நீங்கள் காசு போட்டதும் சிவப்பு மறைந்துவிடும். ஆனால் கம்பெனி கணக்கில் கடன் வாங்கிய அம்மா கட்டியதாகத்தானே பதிவாகும்? அவர் உங்களுக்குத் தர வேண்டியதற்கு ஒரு துண்டுச்சீட்டுகூட இருக்காது. நாளைக்கு ஆடிட் வந்து வீடுவீடாக விசாரிக்கும்போது, வாங்காத பணத்துக்கு ரசீது போட்டவர் என்று எழுதப்படுவது உங்கள் பெயர்தான். மேனேஜர் அன்று "நான் சொல்லவே இல்லை" என்பார்.

அந்த அம்மாவுக்கும் இதில் நன்மை இல்லை. ஒழுங்காகக் கட்டுகிறவர் என்று கடன் வரலாற்றில் பதிவாவதால் அடுத்த கம்பெனி அவர் வாசலில் வந்து நிற்கும். ஒரு வீட்டின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து அந்த வீட்டின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது 2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வரம்பு. களத்தில் உண்மை மறைக்கப்பட்டால் அந்த வரம்புக்கு அர்த்தமே கிடையாது.

போன வருஷம் ஒரு பையன் என்னிடம் எண்பது பக்க நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். வசூலானது நீல மையில். தான் போட்டது சிவப்பு மையில், பக்கத்திலேயே தேதி, குழுப் பெயர், எந்த நேரத்தில் மேனேஜர் போனில் சொன்னார் என்பது. கடைசிப் பத்துப் பக்கங்களில் நீலம் குறைந்து சிவப்பு கூடிக்கொண்டே போனது. அவனைக் காப்பாற்றியது அந்த நோட்டுதான். நீங்களும் இன்று ராத்திரியே உட்கார்ந்து எழுதுங்கள். ஜிபேயில் அனுப்பியதை எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வாட்ஸ்அப் செய்திகள், குரல் பதிவுகளை உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பி வையுங்கள். கம்பெனி கொடுத்த டேப்லெட்டை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்வார்கள். பிறகு மேனேஜரைத் தாண்டி மனிதவளப் பிரிவுக்கு ஒரு மெயில்: "மேலாளர் அறிவுறுத்தியதால் கீழ்க்கண்ட தேதிகளில் என் சொந்தப் பணத்தைச் செலுத்தியுள்ளேன்." கோபமோ அழுகையோ அதில் வேண்டாம்.

வேலை நேரத்தைப் பற்றிக் கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வைத்திருக்கிறது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். ஆனால் பயணம் செய்தே பார்க்கும் வேலைக்காரர்களை அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு வெளியே நிறுத்திவிட்டது. உள்ளே கம்ப்யூட்டர் முன் இருப்பவருக்குக் கிடைக்கிற காப்பு வெயிலில் பைக் ஓட்டுகிற உங்களுக்குக் கிடைப்பதில்லை. இது மாற வேண்டும் என்று நான் மேடை கிடைக்கும்போதெல்லாம் பேசுகிறேன். இப்போதைக்கு உங்கள் கையில் இருப்பது ரிசர்வ் வங்கி விதி: குழுக்கடன் வாங்கியவரைத் தவணைக்காகக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போனில் அழைக்கக் கூடாது. பேசி வைத்த இடத்துக்கு அடுத்தடுத்து இரண்டு முறை வராதவரை மட்டுமே வீட்டிலோ வேலையிடத்திலோ போய்க் கேட்கலாம். "ராத்திரி ஏழு மணிக்கு அந்த வீட்டுக்குப் போன் போடு" என்று உத்தரவு வந்தால், இந்த விதியைச் சொல்லி எழுத்தில் பதில் கேளுங்கள். எழுத்தில் தர மாட்டார்கள்.

மதுரை டவுனில் நகைக்கடன் கிளை. ஆடிட்டில் மூன்று பாக்கெட் போலி நகை என்று தெரிந்தது. 2,76,000 ரூபாயை மேனேஜர், நான், இன்னொரு பெண் மூவரும் பிரித்துக் கட்ட வேண்டுமாம். "எங்கள் கவனக்குறைவு" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

கையெழுத்துப் போடாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம் இதே மாதிரி ஒரு தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். நகையை உரசிப் பார்த்தது நானில்லை, பணத்தை எண்ணிக் கொடுத்தது மட்டும்தான் நான். இருந்தும் பதினான்கு மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். ஒப்புக்கொண்டு எழுதியவன் பிறகு வாதாட என்ன இருக்கிறது?

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு தெளிவாகச் சொல்கிறது. உங்கள் பொறுப்பில் இருந்த பணம் உங்கள் நேரடித் தவறாலோ அலட்சியத்தாலோ போனால் மட்டுமே பிடிக்கலாம். அதற்கு முன் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அந்த மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. "மூணு பேரும் சமமா" என்கிற கணக்குக்குச் சட்டத்தில் இடமில்லை. யார் தவறு, எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லியாக வேண்டும்.

எனவே உங்கள் விளக்கத்தில் வேலை நடந்த விதத்தை வரிசையாக எழுதுங்கள். அன்று நகையை உரசியது யார், ஆசிட் விட்டது யார், எடை போட்டது யார், பாக்கெட்டை ஒட்டிக் கையெழுத்திட்டது யார், பெட்டகத்தின் இரண்டு சாவிகள் யார் யாரிடம். போலிச் சங்கிலியில் கொக்கியும் முனை வளையமும் நல்ல தங்கமாக இருக்கும், நடுக் கண்ணிகள் செம்பின் மேல் கனமான முலாம். கொக்கியை மட்டும் உரைகல்லில் தேய்த்தால் பொன்கோடுதான் விழும். நாலைந்து இடத்தில் தேய்க்க வேண்டும், அதற்கு நேரம் வேண்டும். உங்கள் கிளை வாசலில் "பத்து நிமிடத்தில் கடன்" என்று பலகை இருந்தால் அதைப் படமெடுத்து இணையுங்கள். நேரத்தைக் குறைத்தது நிர்வாகம். அதன் நஷ்டத்தை 16,000 ரூபாய் சம்பளக்காரர் ஏன் சுமக்க வேண்டும்?

வேலையை விட்டு அனுப்புவோம் என்று மிரட்டினால்: ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. குற்றம் சாட்டி நீக்குவதானால் விசாரணை நடத்த வேண்டும். இது மேலே சொன்ன 1947 கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு, நீங்கள் கிளைக்குள் வேலை பார்ப்பவர் என்பதால் உங்களுக்குப் பொருந்தும். தொழிலாளர் துறையில் மேல்முறையீடும் உண்டு.

ஏரியா மேனேஜர் என்னுடன் பைக்கில் கள ஆய்வுக்கு வரும்போது அசிங்கமாகப் பேசுகிறார், இரவில் செய்தி அனுப்புகிறார். சொன்னால் வேலை போய்விடும் என்று பயம். வாடிப்பட்டி வாசகி.

அம்மா, முதலில் ஒன்று: இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. செய்திகளை அழிக்காதீர்கள், பதிலும் போடாதீர்கள்.

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் பணியிடம் என்றால் அலுவலகக் கட்டடம் மட்டுமல்ல, வேலைக்காகப் போகிற எந்த இடமும், பயணமும் சேர்த்திதான். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனத்தில் இந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும், அதற்குத் தலைவர் பெண். அதற்கும் சிறிய நிறுவனம் என்றாலோ, முதலாளி மீதே புகார் என்றாலோ, மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் கொடுக்கலாம். கடைசியாக நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் தருவார்கள். அதனால் தள்ளிப் போடாதீர்கள். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை அவரை வேறு இடத்துக்கு மாற்றவோ, உங்களுக்கு மூன்று மாதம் வரை விடுப்புத் தரவோ குழுவிடம் கேட்கலாம். "உங்களை மாற்றிவிடுகிறோம்" என்று மட்டும் சொன்னால், அவரை மாற்றுங்கள் என்று கேளுங்கள்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வருமானம் எவ்வளவு இருந்தாலும், பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. அக்காவையோ தோழியையோ துணைக்குக் கூட்டிப் போங்கள்.

சேரும்போது டிகிரி சர்டிபிகேட் ஒரிஜினலை வாங்கிக்கொண்டார்கள். மூன்று வருஷ பாண்டு, இடையில் விட்டால் 3 லட்சம். ஒன்றரை வருஷம் ஆகிறது. வெளியே வரலாமா?

பாண்டு செல்லாது என்று சொல்லும் ஆட்களை நம்பாதீர்கள். விஜயா வங்கி வழக்கில், மூன்று வருஷத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் அந்தத் தீர்ப்பு அகில இந்தியத் தேர்வு நடத்தி ஆள் எடுக்கும் பொதுத்துறை வங்கியின் செலவைக் கணக்கில் எடுத்தது. மூன்று நாள் ஹோட்டல் அறையில் வகுப்பெடுத்துவிட்டு 3 லட்சம் கேட்கிற கம்பெனி, அந்தத் தொகை நியாயமானது என்று காட்ட வேண்டும். ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி, எழுதிய தொகை உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். ஒன்றரை வருஷம் உழைத்ததும் உங்கள் பக்கம் பேசும்.

சர்டிபிகேட் வேறு விஷயம். அது அடகுப் பொருள் அல்ல. திருப்பித் தரச் சொல்லிப் பதிவுத் தபாலில் கடிதம், அதற்கு மசியவில்லை என்றால் வக்கீல் நோட்டீஸ். விலகும் நாளில் இன்னொன்றையும் கேளுங்கள்: மேலே சொன்ன ஊதியச் சட்டத் தொகுப்பின்படி பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளில் தர வேண்டும். பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதியை ஏற்றிவிட்டார்களா என்றும் பாருங்கள். இழுத்தடித்தால் சொக்கிகுளம் லேடி டோக் கல்லூரி சாலையில் உள்ள பி.எஃப். அலுவலகத்தில் நேரில் மனுக் கொடுங்கள்.

அழகர் ஆற்றில் இறங்கும் நாளில்கூட வசூலுக்குப் போகச் சொல்கிறார்கள். கலெக்டர் உள்ளூர் விடுமுறை விட்டும்கூட.

அந்த விடுமுறை அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும்தான், தனியாரைக் கட்டாது. உங்களுக்கானது 1958ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டம்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கும் கட்டாயம், அதோடு ஐந்து பண்டிகை நாட்கள். அந்த ஐந்தில் சித்திரைத் திருவிழாவைச் சேர்க்கச் சொல்லி, வருஷம் பிறக்குமுன் எல்லோரும் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். அன்று கோரிப்பாளையம் பக்கம் வண்டியே ஓடாது, வசூல் எப்படி நடக்கும்?

நான் மேலூர் பக்கம் கிளை மேலாளர். என் பையன்களைத் திட்டுகிறேன். எனக்கு மேலே இருப்பவர் என்னைத் திட்டுவதை அப்படியே இறக்குகிறேன். ஞாயிறு மாலையே நெஞ்சு படபடக்கிறது. தூக்கம் இல்லை.

இதை எழுத உங்களுக்கு மனம் வந்ததே பெரிய விஷயம். முதலில் ஒரு மருத்துவரைப் பார்த்து நெஞ்சைச் சோதித்துக்கொள்ளுங்கள். அதே வாரத்தில் 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

கிளையில் உங்களால் நாளைக்கே நிறுத்த முடிகிறவை சில உண்டு. மேலே இருந்து வரும் குரல் பதிவைக் குழுவில் அப்படியே தள்ளிவிடாதீர்கள், அதில் இருக்கும் எண்ணை மட்டும் உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். வசூல் குறைந்தவரின் பெயரை எல்லோர் முன்னும் வாசிக்காதீர்கள், தனியாகக் கூப்பிட்டு எந்தக் குழுவில் என்ன சிக்கல் என்று கேளுங்கள். மழை இல்லை, பால் காசு வரவில்லை, வீட்டில் சாவு என்று ஒரு காரணம் இருக்கும். அதை உங்கள் அறிக்கையில் எழுதி மேலே அனுப்புங்கள். "நீ போட்டுக் கட்டு" என்று மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள். சொன்னால், நாளைய விசாரணையில் அந்தப் பையனின் நோட்டில் இருக்கப்போவது உங்கள் பெயர். நிர்வாகப் பொறுப்பில் இருப்பதால் 1947 சட்டமும் உங்களுக்குக் கை கொடுக்காது. உங்களுக்கு வரும் உத்தரவுகளையும் தேதி போட்டுக் குறித்து வையுங்கள்.

திருமங்கலத்தில் ஒரு நிதி நிறுவனத்தில் மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. நல்ல இடம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சாயங்காலம் ஏழரைக்கு அந்தக் கிளைப் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். உள்ளே விளக்கு எரிகிறதா, பெண்கள் இன்னும் இருக்கிறார்களா என்று பாருங்கள். எதிர் டீக்கடையில் கேட்டால், அங்கே எத்தனை மாதத்துக்கு ஒருமுறை முகம் மாறுகிறது என்று சொல்லிவிடுவார்கள். நியமனக் கடிதத்தில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) இரண்டும் எழுதியிருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்கு. ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்டால், காட்டிவிட்டு நகல் கொடுத்தால் போதும். நேர்காணலில் மகள் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கட்டும்: "எனக்கு முன்னாடி இந்த சீட்டில் இருந்தவங்க இப்ப எங்க இருக்காங்க?" பதிலோடு, பதில் சொல்கிறவரின் முகத்தையும் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.