வாசகர் கேள்வி பதில்: ஆறு மைல் சதுரத்துக்கு ஓர் அரசாங்கம்

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் இலினாய் மாநிலத்தின் ஷாம்பேனில் படிக்கிறாள். தோழியின் பண்ணை வீட்டுக்குப் போனவள், "அம்மா, முகவரியே 'கவுண்டி ரோடு 1800 நார்த்'தாம்! நூல் பிடித்த மாதிரி போகிற ரோடு, திடீரென்று ஓர் இடத்தில் ஒடிந்து பக்கவாட்டில் நகர்ந்து மறுபடி நேராகப் போகிறது" என்கிறாள். கடை கண்ணி எதுவும் இல்லை, டவுன்ஷிப் என்று பலகை மட்டும் இருக்கிறதாம். என்ன இடம் இது?
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: முதலில் முகவரி. கவுண்டி என்பது மாநிலத்துக்குள் நம்மூர்ப் பேச்சில் ஒரு மாவட்டம் மாதிரி. 1800 நார்த் என்றால் அந்தக் கவுண்டியின் தெற்கு எல்லையிலிருந்து 18 மைல் வடக்கே என்று அர்த்தம், அவ்வளவுதான். மைலுக்கு நூறு என்று கணக்கு.

இந்தக் கட்டங்களுக்கு மூலம் 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டம். சுதந்திரப் போரில் பட்ட கடனை அடைக்க நிலத்தை விற்றாக வேண்டும், விற்க வேண்டுமானால் அளக்க வேண்டும். பழங்குடியினர் வாழ்ந்துகொண்டிருந்த மண் என்பதெல்லாம் அளந்தவர்களுக்குக் கணக்கில்லை. 66 அடிச் சங்கிலியை இழுத்துக்கொண்டு ஒஹாயோவிலிருந்து மேற்கே கிளம்பினார்கள். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப், அதற்குள் 36 துண்டு, துண்டுக்கு 640 ஏக்கர். எண் போடுவது வடகிழக்கு மூலையில் தொடங்கி மேற்கே போய், கீழ் வரிசையில் கிழக்கே திரும்பி, ஏர் பூட்டிய மாடு உழுவதுபோல் வளைந்து வளைந்து வந்து தென்கிழக்கு மூலையில் 36இல் முடியும். 16ஆம் துண்டு பள்ளிக்கூடத்துக்கு என்று அப்போதே ஒதுக்கிவிட்டார்கள், அது எனக்குப் பிடித்த விஷயம்.

சரி, ரோடு ஏன் ஒடிகிறது? பூமி உருண்டை. தீர்க்கரேகைகள் வடக்கே போகப்போக நெருங்கும், அதனால் சதுரங்கள் குறுகிக்கொண்டே வரும். இத்தனை மைலுக்கு ஒருமுறை என்று திருத்தக்கோடு போட்டு அளவைப் புதிதாகத் தொடங்கினார்கள். கோட்டின்மேல் ரோடு போட்டவர்கள் அங்கே கொஞ்சம் தள்ளித்தானே போட முடியும்! பல இடங்களில் இப்படி ஒடிவதற்கு இதுதான் காரணம்.

கேள்வி: அங்கே யார் நிர்வாகம்? நம் நகர மன்றம் மாதிரியா?
- அதே வாசகி

பதில்: அளந்த கட்டம் வேறு, ஆளும் டவுன்ஷிப் வேறு. பல இடங்களில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும், எல்லா இடத்திலும் அல்ல. நம் நகர மன்றத்தை நாடாளுமன்ற உறுப்பினர்கள் நடத்துகிறார்கள், மின்தூக்கி, தாழ்வாரம், குப்பை எல்லாம் அவர்கள் பொறுப்பு. அங்கே நாடாளுமன்றத்துக்கும் டவுன்ஷிப்புக்கும் சம்பந்தமே இல்லை. இலினாயில் தலைவராக ஒரு சூப்பர்வைசர், ஒரு கிளார்க், மன்ற உறுப்பினர்களாக நான்கு டிரஸ்டிகள், பெரும்பாலும் ஒரு சாலை ஆணையர், எல்லாரும் தேர்தலில் வருகிறவர்கள். பனி கொட்டினால் கிராமச் சாலையில் அதைத் தள்ளுவது, பள்ளத்தில் சரளை கொட்டுவது சாலை ஆணையரின் வேலை. சொத்து மதிப்பீடு இன்னொரு வேலை. ஒன்றுமில்லாமல் நிற்கிறவர்களுக்கு அவசர உதவித்தொகை கொடுப்பது சூப்பர்வைசர்.

பரப்பளவுக்கு ஒரு கணக்கு: முழு டவுன்ஷிப் 93 சதுர கிலோமீட்டர். நம் சிங்கப்பூர் முழுக்க எட்டு டவுன்ஷிப்புக்குள் அடங்கிவிடும். அதில் சில நூறு பேர்தான் இருக்கும் டவுன்ஷிப்புகள் உண்டு. இவ்வளவு கொஞ்சப் பேருக்கு இத்தனை பதவியா, வரிப்பணம் வீண் என்று அங்கேயே சண்டை நடக்கிறது. இலினாயின் 102 கவுண்டிகளில் 17இல் டவுன்ஷிப் ஆட்சியே கிடையாது, எவன்ஸ்டன் நகரம் 2014இல் வாக்கெடுத்துத் தன் டவுன்ஷிப்பைக் கலைத்துவிட்டது. நகரத்துக்கு அது சரி. ஆனால் வீட்டுக்கு வீடு ஒரு மைல் இருக்கிற வயல்காட்டில், பனியைத் தள்ளாதவரை வீட்டுக்கே போய் "என்னப்பா?" என்று கேட்க முடிவது சின்ன வசதி இல்லை.

கேள்வி: அந்தக் கூட்டங்களை மகள் போய்ப் பார்க்கலாமா?

பதில்: தாராளமாக. ஏப்ரல் மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை மாலை அங்கே ஆண்டுக் கூட்டம் நடக்கும், பொதுமக்கள் உட்கார்ந்து கேட்கலாம். கை தூக்கி வாக்களிப்பது மட்டும் அந்த டவுன்ஷிப்பின் பதிவுபெற்ற வாக்காளர்கள். தோழியின் அப்பாவோடு போகச் சொல்லுங்கள், ரோடு தெரியும்.