நாக்கு இல்லம்மா, காது

அண்ணா, தண்டையார்பேட்டையில இருந்து எழுதுறேன். வயசு 31, தமிழ் மீடியம். ஆபீஸ் கால்ல இங்கிலீஷ் பேசினா திரும்ப சொல்ல சொல்றாங்க, முக்கியமா ‘பேக்’னு வர்ற வார்த்தைங்க. நாக்கு தடிச்சுப்போச்சு, இனிமே வராதுன்னு வீட்ல சொல்றாங்க. நிஜமா?
ஒரு வாசகி

தங்கச்சி, நாக்கு மேல பழி போடாதீங்க. முதுகுக்கு இங்கிலீஷ்ல சொல்ற வார்த்தை, கேக் சுடுறதுக்கு சொல்ற வார்த்தை, ரெண்டையுமே நாம ‘பேக்’னுதான் சொல்றோம், ஏன்னா முதல் வார்த்தையில வர்ற உயிரொலி நம்ம பன்னெண்டுல இல்ல, காது அதை பக்கத்துல இருக்கிற ஏ-வுக்குள்ள தள்ளிடுது. குழந்தைங்க பேச்சை எப்படி கேக்குதுன்னு ஆராய்ச்சி பண்ற பாட்ரிசியா குல் டீம் 1992-ல அமெரிக்க, ஸ்வீடன் குழந்தைங்களை வெச்சு பார்த்தப்போ 6 மாசத்துலயே காது தாய்மொழி உயிரொலிக்கு பழகி இருந்துச்சு.

மிண்ட் தெருவுல வீட்ல இந்தி பேசுற கடைக்காரர் ஒருத்தர், ‘அந்த பேட்டி எடுப்பா’ம்பார். பெட்டியைத்தான் சொல்றார். இந்தியில எ, ஒ-ன்னு தனிக் குறில் கிடையாது, நமக்கு தொடு வேற தோடு வேற, அவர் காதுக்கு ரெண்டும் ஒண்ணு. அவர் நாக்குல என்ன குறை?

குறில் நெடில் தெரியும்ங்கிறதே நம்மள ஏமாத்தும்மா. ஷிப், ஷீப் ரெண்டையும் நாம நீளத்தை வெச்சு பிரிக்கிறோம், இங்கிலீஷ்காரங்களுக்கு நீளம் ரெண்டாம்பட்சம், ஷிப்ல வர்ற இ-க்கு நாக்கு தளர்ந்து கொஞ்சம் கீழ இறங்கும், அது நம்ம இ கிடையாது, ஆனா அதே மாதிரி இருக்கவே காது தனியா பிரிக்காம விட்டுடும். சுத்தமா புதுசா இருக்கிற ஒலியை விட இந்த மாதிரி ஒலிங்கதான் கஷ்டம்னு ரெண்டாவது மொழி உச்சரிப்பை ஆராய்ச்சி பண்ண ஜேம்ஸ் ஃப்ளெகே 1995-ல எழுதினார். புது ஒலிக்கு மனசுல தனி இடம் போடுற சக்தி ஆயுசு முழுக்க இருக்குன்னும் சொல்றார். 31 எல்லாம் ஒரு வயசா?

பல பேர் குரல்ல கேளுங்க, ஒரே டீச்சர் குரல் போதாது. ஜப்பான்காரங்களுக்கு இங்கிலீஷ் ர, ல பிரிக்க பழக்கினப்போ (1991) பல குரல், பல வார்த்தைன்னு கேக்க வெச்சுதான் காது தேறுச்சு. அந்த ரெண்டு ‘பேக்’கையும் கலந்து போட்டு எது எதுன்னு சொல்லுங்க, உடனே சரி பாருங்க. அப்புறம்தான் வாய்: ஏ சொல்லிக்கிட்டே தாடையை நல்லா கீழ இறக்குங்க, உதட்டை குவிக்காதீங்க. முதல் ரெண்டு வாரம் கேக்குறது மட்டும் பண்ணுங்க, பேச அவசரப்படாதீங்க.