எஸ்தோனியப் பாடல்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பனிச்சறுக்குப் போட்டி ஒன்றின் பரிசளிப்பைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். வென்றவர் எஸ்தோனியர். ஒலித்ததோ ஃபின்லாந்தின் தேசிய கீதம். தவறான இசைத்தட்டைப் போட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். பிறகுதான் இரு நாடுகளுக்கும் ஒரே மெட்டு என்று அறிந்தேன். அப்படியானால் எஸ்தோனிய இசையை ஃபின்லாந்து இசையின் ஒரு கிளை என்று கொள்ளலாமா? கேட்கத் தொடங்க விரும்பும் ஒருவர் எதிலிருந்து தொடங்கலாம்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

கிளை என்று கொள்ள முடியாது. கீதத்தின் மெட்டு ஃபின்லாந்திலிருந்து வந்தது என்பது சரி. ஆனால் அதை அமைத்த ஃபிரெட்ரிக் பாசியுஸ் ஹாம்பர்க்கில் பிறந்த ஜெர்மானியர். 1848இல் ஃபின்லாந்தின் இன்றைய தலைநகரான ஹெல்சிங்கியில் முதன்முதலாகப் பாடப்பட்டபோது அதன் வரிகள் ஸ்வீடிஷ் மொழியில் இருந்தன. 1869இல் தார்த்து நகரில் நடந்த முதல் எஸ்தோனியப் பாடல் விழாவில், யோஹான் வோல்டெமார் யான்சனின் எஸ்தோனிய வரிகளோடு அதே மெட்டு ஒலித்தது. 1920இல் அது எஸ்தோனியாவின் தேசிய கீதமாயிற்று. அடுத்த முறை கூர்ந்து கேளுங்கள்: ஃபின்லாந்துக்காரர்கள் கடைசி அடிகளை மீண்டும் பாடுவார்கள், எஸ்தோனியர்கள் பாடுவதில்லை.

மெட்டு வடக்கே உள்ள ஃபின்லாந்திலிருந்து வந்தது போலவே, பாடல் விழா என்ற வழக்கம் தெற்கிலிருந்து வடக்கே சென்றது. எஸ்தோனியர்களின் விழாக்களைப் பார்த்துத்தான் ஃபின்லாந்துக்காரர்கள் 1884இல் யுவாஸ்குலாவில் தங்கள் முதல் பாடல் விழாவை நடத்தினார்கள். இதை யாரும் நினைவுகூர்வதில்லை என்பது எனக்கு ஒரு குறை. சிறிய நாடு பெற்றுக்கொள்ள மட்டுமே செய்யும் என்று நாம் எளிதில் முடிவுகட்டிவிடுகிறோம்.

சோவியத் ஆட்சியில் அந்தக் கீதம் எஸ்தோனியாவில் தடை செய்யப்பட்டது. ஹெல்சிங்கிக்கும் எஸ்தோனியத் தலைநகர் தாலினுக்கும் இடையே சுமார் 80 கிலோமீட்டர் கடல்தான். ஃபின்லாந்தின் அரசு ஒலிபரப்பு ஒவ்வோர் இரவும் தன் நிகழ்ச்சிகளை முடிக்கும்போது தன் நாட்டுக் கீதத்தை வாத்தியத்தில் இசைக்கும். வடக்கு எஸ்தோனியாவில் அது தெளிவாகக் கேட்கும். தாங்கள் பாடக்கூடாத பாடலை அண்டை நாட்டின் கீதமாக அவர்கள் பல பத்தாண்டுகள் கேட்டார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த மெட்டின் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

ஆனால் உண்மையான உறவு கீதத்தைவிட மிகப் பழையது. எஸ்தோனியாவின் பழைய நாட்டார் பாடலை ரெகிலாவுல் என்பார்கள். பெரும்பாலும் எட்டு அசைகள் கொண்ட அடி, அடிதோறும் மோனை, சொன்னதையே அடுத்த அடியில் வேறு சொற்களால் சொல்லும் முறை. ஒருவர் அடியெடுத்துப் பாட, மற்றவர்கள் அதைத் திரும்பப் பாடுவார்கள். மெட்டு சில சுரங்களுக்குள்ளேயே சுற்றிவரும். எலியாஸ் லோன்ரோட் திரட்டித் தொகுத்த ஃபின்லாந்தின் கலேவலா காவியமும் இதே யாப்பில் அமைந்ததுதான். உறவு மொழிகள் பேசும் கரேலியர், இங்கேரியாவின் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கைச் சுற்றியுள்ள பகுதி) இழோரியர், வோத்தியர் ஆகியோரிடமும் இப்பாடல் மரபு இருந்தது. ஆகவே எஸ்தோனியாவும் ஃபின்லாந்தும் ஒரே பழைய மரபின் இரு வாரிசுகள். ஒருவர் மற்றவருக்குக் கடன்பட்டதாகச் சொல்வது பொருந்தாது. ஃபின்லாந்து அறிஞர் அர்மாஸ் லௌனிஸ் தொகுத்த எஸ்தோனிய மெட்டுகள் 1930இல் தார்த்துவில் பெருநூலாக வந்தன. ஃபின்லாந்தின் இன்னோர் ஆய்வாளரான வைசானென் எஸ்தோனியாவின் தென்கிழக்கு மூலையிலுள்ள செத்து மக்களின் பாடல்களைப் பதிவு செய்தார்.

இந்த மரபை மேடைக்குக் கொண்டுவந்தவர் எஸ்தோனிய இசையமைப்பாளர் வெல்யோ தோர்மிஸ் (1930–2017). அவரைப் பற்றி மட்டுமே ஒரு கட்டுரை எழுத வேண்டும். அவர் நாட்டார் மெட்டை எடுத்து அலங்கரிக்கவில்லை. அந்த மெட்டு எப்படித் திரும்பத் திரும்ப வந்து கேட்பவரை ஆட்கொள்கிறதோ, அந்த இயல்பையே பெரிய பாடகர் குழுவுக்குள் கொண்டுவந்தார். 1972இல் அவர் எழுதிய ‘இரும்பின் மீது சாபம்’ என்ற படைப்பு, கலேவலாவில் வரும் இரும்பின் பிறப்புக் கதையிலிருந்து தொடங்கி, டாங்கிகளும் விமானங்களும் நிறைந்த நம் காலத்துக்கு வந்துசேர்கிறது. குழுவின் குரல்களுக்கு நடுவே ஒரு மந்திரவாதியின் தோல்பறை அதிர்ந்துகொண்டே இருக்கும். போருக்கு எதிராக எழுந்த இசைகளில் இவ்வளவு அச்சமூட்டும் இன்னொன்றை நான் கேட்டதில்லை.

அதைவிடப் பெரிய காரியம் ‘மறக்கப்பட்ட மக்கள்’ என்ற ஆறு பாடல் தொகுதிகள். லிவோனியர், வோத்தியர், இழோரியர், இங்கேரிய ஃபின்னியர், வேப்சியர், கரேலியர் என்று அருகிவந்த உறவு மக்களின் பாடல்களை அவர் இரண்டு பத்தாண்டுகளில் பாடகர் குழுவுக்காக அமைத்தார். லிவோனியத்தைத் தாய்மொழியாகக் கொண்ட கடைசி மனிதர் 2013இல் இறந்துவிட்டார். பாடகர் குழுக்கள் அம்மொழியில் இன்றும் பாடுகின்றன.

மெல்லிசையிலும் போக்குவரத்து இருந்தது. தாலினின் பாடகர் கியோர்க் ஓத்ஸ் ஃபின்னிய மொழியில் பாடிய ‘சாரெமா வால்ட்ஸ்’ ஃபின்லாந்தில் பெரும் புகழ் பெற்றது. மெட்டு எஸ்தோனியரான ரைமொண்ட் வால்க்ரெ அமைத்தது. 1980இல் இரு தலைநகரங்களுக்கும் இடையே ஓடத் தொடங்கிய கப்பலுக்கு ஓத்ஸின் பெயரையே வைத்தார்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். பழைய கிராமத்துப் பெண்கள் பாடிய ரெகிலாவுல் பதிவுகள் சிலவற்றை முதலில் கேளுங்கள். சலிப்பாக இருந்தாலும் நிறுத்தாதீர்கள், காது பழகச் சற்று நேரமாகும். பிறகு தோர்மிஸின் ‘எஸ்தோனிய நாட்காட்டிப் பாடல்கள்’. அதன் பின் ‘மறக்கப்பட்ட மக்கள்’ வரிசையில் ‘இங்கேரிய மாலைப்பொழுதுகள்’: ஓர் எஸ்தோனியர், ஃபின்னியக் கிராமத்து இளைஞர்களின் பாடல்களை அவர்கள் மொழியிலேயே அமைத்தது. ‘இரும்பின் மீது சாபம்’ கடைசியில் இருக்கட்டும்.