புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் பதப்படுத்திய இறைச்சியும் புகையிலையும் ஒரே பிரிவில் இருக்கின்றனவே, இரண்டும் ஒரே அளவு ஆபத்தா?

இல்லை. 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சாசேஜ், பேக்கன், ஹாம் போன்ற பதப்படுத்திய இறைச்சிகளை, புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் சேர்த்தது உண்மைதான். ஆனால் அந்தப் பிரிவு சொல்வது ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதை. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 சதவீதம் கூடும். அதாவது 100 பேரில் 5 பேருக்கு வரக்கூடிய இடத்தில் ஏறக்குறைய 6 பேர். புகைப்பவருக்கோ நுரையீரல் புற்றுநோய் அபாயம் 15 முதல் 30 மடங்கு. புகைத்துக்கொண்டே சாசேஜை மட்டும் விடுவது பெரிய ஓட்டையை விட்டுவிட்டுச் சிறிய ஓட்டையை அடைப்பது போல.

குடலுக்குள் நடப்பதைப் பாருங்கள். இறைச்சி கெடாமலிருக்கச் சேர்க்கும் நைட்ரைட், வயிற்றில் புரதச் சிதைவுப் பொருட்களோடு சேர்ந்து நைட்ரோசோ சேர்மங்களாகிறது. இவை குடல் செல்களின் டிஎன்ஏவைச் சிதைக்கும். நார்ச்சத்து இதற்கு நேர் எதிர். குடல் பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் தயாரிக்கிறது. பெருங்குடல் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். நாளுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து இலக்கு. ஒரே நாளில் ஏற்றினால் வயிறு உப்பும், பலர் அங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள். வாரத்துக்கு 5 கிராம் வீதம், தண்ணீரோடு கூட்டுங்கள்.

புற்றுநோயைப் பொறுத்தவரை மதுவுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. உடலில் அது டிஎன்ஏவைச் சிதைக்கும் அசிட்டால்டிஹைடாக மாறுவது முக்கியக் காரணம். பெருங்குடல் புற்றுநோய் அபாயத்தோடு தொடர்புள்ள இன்சுலினையும் எடையையும் கட்டுக்குள் வைக்க வாரம் 150 நிமிட வேகநடை உதவும்.

மலத்தில் இரத்தம் தெரிந்தால் உணவை மாற்றிப் பார்க்கக் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் போங்கள்.