ஹாங்காங்கில் விஷ மூலிகை விற்பனை: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: ஐயா, பிரிட்டிஷார் ஆண்ட காலத்தில் ஹாங்காங்கில் யார் வேண்டுமானாலும் விஷ மூலிகை விற்கலாமா?

கிட்டத்தட்ட அப்படித்தான். 1841இல் தீவைப் பிடித்ததும், சீனர்கள் தங்கள் வழக்கப்படியே இருக்கலாம் என்று பிரிட்டிஷ் அதிகாரி கேப்டன் எலியட் அறிவித்தார். 1884இல் வந்த மருத்துவர் பதிவுச் சட்டமும் சீன முறையில் வைத்தியம் பார்ப்பவர்களை விட்டுவிட்டது. இதைப் பெருந்தன்மை என்பார்கள். நமக்கெதற்கு வம்பு என்று ஒதுங்கினார்கள் என்பதுதான் என் எண்ணம்.

கேள்வி: என்னென்ன சரக்கு? நமக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

பெயர்தான் சீனம், சரக்கு நம்முடையதுதான்: நாபி, எட்டிக்கொட்டை, நேர்வாளம், ஊமத்தம்பூ, வெள்ளைப் பாஷாணம், பாதரசம். நம் சித்த வைத்தியர்கள் சுத்தி செய்வதுபோல அவர்களும் நாபி இனக் கிழங்கை ஊறவைத்து மணிக்கணக்கில் வேகவைப்பார்கள், அதில் கிழங்கிலுள்ள அகோனிட்டின் என்ற நச்சு சிதைந்து விஷம் தணியும். வேக்காடு போதாவிட்டால் முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும், அப்புறம் இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

கேள்வி: அப்புறம் எப்போதுதான் விழித்துக்கொண்டார்கள் அண்ணே?

1989இல். லோங்டான்சாவ் என்று ஒரு கசப்பு வேர். அது சேர வேண்டிய மருந்தில் குய்ஜியு என்ற விஷ வேர் சேர்ந்துவிட்டது. காய்ந்தபின் இரண்டுமே பழுப்பு நிறத்தில், ஒரு கட்டையிலிருந்து கொத்தாகத் தொங்கும் மெல்லிய வேர்கள்தான். பழகிய கைகூடத் தடுமாறும். குய்ஜியுவில் இருக்கும் போடோஃபில்லோடாக்சின் நரம்பைத் தாக்கும். கஷாயம் குடித்த இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போக, ஊரே பேசியது, அந்த ஆண்டே அரசு ஒரு குழு போட்டது. குழு அறிக்கை கொடுத்தது 1994இல்! சட்டம் வந்தது 1999இல், அதற்குள் 1997இல் பிரிட்டிஷ் கொடியே இறங்கிவிட்டது. கடும் விஷமுள்ள 31 சரக்குகளைப் பதிவுபெற்ற சீன வைத்தியரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று எழுதியது அந்தச் சட்டம்தான். நூற்றைம்பது வருஷத்துக்கும் மேல் ஆண்டவர்கள் செய்யாத வேலை.

கேள்வி: சிங்கப்பூரிலும் இதே கதைதானா?

இல்லை, அங்கே காலனி அரசு 1938இலேயே விஷப் பொருள் சட்டம் போட்டுவிட்டது. வேடிக்கை என்னவென்றால், சுதந்திரத்துக்குப் பிறகு 1978இல் பெர்பெரின் என்ற, சில மூலிகைகளில் இருக்கும் மஞ்சள் நிறக் கசப்புப் பொருளைத் தடுக்க அதே சட்டம்தான் கைகொடுத்தது. ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடுள்ள பச்சைக் குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை முற்றிவிடும் என்ற பயம். 2013இல் அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். நம் மரமஞ்சளிலும் பெர்பெரின் உண்டு, கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கேட்காமல் கொடுத்துவிடாதீர்கள்.