ஜெயித்து எட்டு மாதம் ஆகிறது, வேலை வரவில்லையே அக்கா!

(பதில் சொல்பவர் காவேரிப்பட்டணத்தில் பிறந்து, 17 ஆண்டுகள் சேலை, நகை விளம்பரங்களில் மாடலாக இருந்தவர்.)

கேள்வி: அக்கா, எனக்கு 22 வயது. பெங்களூரில் படிக்கும்போது ஒரு டிவி மாடலிங் போட்டியில் முதல் பரிசு வாங்கினேன். 10 லட்சம் என்றார்கள், கைக்கு 7 லட்சம்தான் வந்தது. ஜெயித்த வாரம் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் பேனர் கட்டினார்கள். அதற்கப்புறம் மூன்று கடைத் திறப்பு, ஒரு கல்லூரி விழா, அவ்வளவுதான். என்னோடு போட்டியிட்டு நான்காவதாக வந்த பெண்ணுக்கு மாதம் நாலைந்து ஷூட் இருக்கிறது. சேனலோடு எனக்கு இரண்டு வருட ஒப்பந்தம். அப்பா பி.எட். சேரச் சொல்கிறார். நான் தோற்றுவிட்டேனா?
— பெயர் வேண்டாம், பாலக்கோடு

பதில்: பாப்பா, நீ என்றே எழுதுகிறேன், என் அண்ணன் மகளுக்கும் உன் வயதுதான். நீ தோற்கவில்லை. உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். 2006-ல் நான் அம்மாவிடம் அழுதுகொண்டே கேட்ட அதே கேள்வி.

முதலில் அந்த 3 லட்சம். யாரும் உன்னை ஏமாற்றவில்லை. டிவி போட்டிப் பரிசுக்கும் லாட்டரிப் பரிசுக்கும் வருமான வரியில் ஒரே விதி, நேராக 30 சதவீதம். உனக்கு வேறு வருமானமே இல்லாவிட்டாலும் விலக்கு கிடையாது. போட்டிக்காகத் துணி, பயணம் என்று செலவழித்ததையும் கழிக்க முடியாது. இந்த 3 லட்சம் வரியின் மேல் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் வரி, அதாவது 12,000 ரூபாய், கணக்குத் தாக்கல் செய்யும்போது நீ கட்ட வேண்டியிருக்கும். அதை இப்போதே எடுத்து வை. பிடித்த 3 லட்சம் உன் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடு.

இனி அந்த நான்காவது பெண். அவள் உன்னைவிடத் திறமைசாலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடைகளுக்கான துணிப் படப் பட்டியல் எடுக்கும் கேட்டலாக் ஷூட்டுக்கு இன்று கூப்பிட்டால் நாளை மறுநாள் நிற்க வேண்டும். உன்னைக் கூப்பிட சேனலின் அனுமதி வேண்டும், அது வர பத்து நாள் ஆகும். அவள் கையில் அப்படி ஒரு தாள் இல்லாவிட்டால் நேராகப் போய் நின்றுவிடுவாள். அதோடு, முதல் பரிசு வாங்கியவள் நிறையக் கேட்பாள் என்று பாதிப் பேர் உனக்குப் போனே செய்ய மாட்டார்கள்.

என் ஒப்பந்தமும் இரண்டு வருடம்தான். வருமானத்தில் 40 சதவீதம் சேனலுக்கு. பர்கூரில் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு ஜவுளிக்காரர் தீபாவளிக்கு என்னைக் கேட்டார். அனுமதி வருவதற்குள் தீபாவளியே முடிந்துவிட்டது. அப்பா மாங்காய் மண்டியில் கணக்கு எழுதியவர். அந்த ஒப்பந்தத்தை எங்கள் வீட்டில் முதன்முதலாக முழுதாகப் படித்தவர் அவர்தான், அதுவும் நான் கையெழுத்துப் போட்டு ஐந்து மாதம் கழித்து. "மண்டிக்காரன் பத்து ரூபா கமிஷன் எடுத்தா வியாபாரியைக் கூட்டியாந்து நிறுத்துறான். இவங்க நாப்பது எடுக்கிறாங்களே, யாரைக் கூட்டியாந்தாங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியையே நல்ல தமிழில் கடிதமாக எழுதி அனுப்பினோம். இரண்டு விஷயம் கேட்டோம். நானே பிடித்து வரும் வேலைக்கு மூன்று நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கொடுத்ததாக எடுத்துக்கொள்வது ஒன்று. அவர்கள் கொண்டு வரும் வேலைக்கு மட்டும் கமிஷன் என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஒத்துக்கொண்டார்கள். இரண்டாவதற்கு இல்லை. ஆனால் அந்த ஒன்றே எனக்கு வேலையைத் திறந்துவிட்டது. நீயும் எழுத்தில் கேள், வாட்ஸ்அப்பில் கெஞ்சாதே. இரண்டு வருடம் முடிந்த பிறகும் மற்ற இடத்தில் வேலை செய்யக் கூடாது என்று ஒரு வரி இருந்தால் பயப்பட வேண்டாம். தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு சொல்கிறது. ஒப்பந்தக் காலத்துக்குள் இருக்கும் கட்டுப்பாடு வேறு, அது பெரும்பாலும் செல்லும். ஒரு வக்கீலிடம் தாளைக் காட்டிவிடு.

போட்டியில் எடுத்த படங்களைக் காட்டித்தான் வேலை கேட்கிறாய் என்று நினைக்கிறேன். வேண்டாம். நெருப்பு, இறக்கை, ஒப்பனை எல்லாம் இருக்கும், நீ இருக்க மாட்டாய். வெள்ளைச் சுவர் முன்னால் மேக்கப் இல்லாமல், தலைமுடியை இழுத்துக் கட்டி, உடம்பை ஒட்டிய சாதாரண உடையில் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முழு உயரத்தில் ஒன்று எடு. செருப்பில்லாமல் அளந்த உயரத்தை எழுது, ஒரு அங்குலம்கூடக் கூட்டாதே. நீ ஓசூரில் தங்கினால் பெங்களூர் 40 கிலோமீட்டர்தான், காலையில் கூப்பிட்டால் போய் நிற்கலாம்.

அமெரிக்க மாடல் டயரா பேங்க்ஸ் 2003-ல் தொடங்கிய 'அமெரிக்காஸ் நெக்ஸ்ட் டாப் மாடல்' என்ற டிவி மாடலிங் போட்டி 24 சுற்றுகள் நடந்தது. அதில் வந்தவர்களில் இன்று உலகமே அறிந்த முகம் வின்னி ஹார்லோ. அவர் ஜெயிக்கவே இல்லை. தோலில் வெண்திட்டுகளோடு 2014-ல் அந்தப் போட்டிக்கு வந்தார், அதே ஆண்டு டெசிகுவல் என்ற ஸ்பெயின் ஆடை நிறுவனத்தின் விளம்பரங்களில் இடம்பிடித்தார். ஜெயித்தவர்களிலும் தேங்கி நிற்காதவர்கள் உண்டு. காது கேளாத நைல் டிமார்கோ 2015-ல் ஜெயித்தார், அடுத்த வருடமே ஒரு பெரிய நடனப் போட்டியிலும் ஜெயித்து, பிறகு தயாரிப்பாளரும் ஆனார். அந்தப் போட்டியின் இந்தியப் பதிப்பில் 2016-ல் ஜெயித்த பிரணதி ராய் பிரகாஷ் நடிக்கப் போனார். பட்டம் கையில் சூடாக இருக்கும்போதே அடுத்த வேலையைத் தேடிப் போனவர்களாகத்தான் இவர்களை நான் பார்க்கிறேன்.

வேலை வந்ததும் ஒரு நோட்டுப் போடு. தேதி, எத்தனை மணி நேரம், எத்தனை உடை, பேசிய தொகை, பணம் வந்த நாள். படத்தை எங்கே, எத்தனை மாதம் பயன்படுத்துவார்கள் என்பதையும் மறக்காமல் எழுது. ஒருநாள் 42 சேலை கட்டி நின்றேன். அந்தப் படங்கள் ஆறு வருடம் ஃப்ளெக்ஸில் தொங்கின. எனக்குக் கிடைத்தது ஒருநாள் கூலி. அன்றைக்கு நான் அதைக் கேட்டிருக்கவே இல்லை.

பி.எட். இரண்டு வருடம், தினமும் போக வேண்டிய படிப்பு. ஷூட்டோடு சேர்த்து ஓட்ட முடியாது. உன் ஒப்பந்தம் முடிய இன்னும் 16 மாதம் இருக்கிறது. அதுவரைக்கும் மட்டும் அப்பாவிடம் கேள். கேட்கும்போது அந்த நோட்டை அவர் கையில் கொடு.

கேள்வி: டிவியில் ஜெயித்த பெண்ணை வைத்துப் படம் எடுத்தால் சேலை கூடுதலாக விற்குமா மேடம்?
— ஜவுளிக்கடை உரிமையாளர், பர்கூர்

பதில்: சார், உங்கள் வாடிக்கையாளர் சேலம், வேலூரிலிருந்து வரும் சில்லறைக் கடைக்காரர். அவர் முந்தானை எப்படி விழுகிறது, கரை எவ்வளவு அகலம் என்றுதான் பார்ப்பார். மடிப்பு கலையாமல் எட்டு மணி நேரம் நிற்கத் தெரிந்த பெண்ணைக் கூப்பிடுங்கள். போட்டியில் ஜெயித்தவளுக்கும் அது தெரிந்திருந்தால் தாராளமாகக் கூப்பிடுங்கள், பேசிய பணத்தை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். பாலக்கோட்டில் ஒரு பெண் இருக்கிறாள். சம்மதித்தால் பத்திரிகை மூலமாக அவள் படங்களை உங்களுக்கு அனுப்பச் சொல்கிறேன்.